நான் காட்டிய காலி அலமாரி

என் வீட்டு அலமாரியை நான் ஒருநாளும் உண்மையாகக் காலி செய்ததில்லை. நீங்கள் கைபேசியில் பார்த்து வியந்த அந்த வெற்றுப் பலகைகள் பொய். அவற்றில் இருந்த பொருள்களை நான் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. ஒளித்து வைத்திருந்தேன்.

அந்தப் பொய்யை நம்பி ஒருத்தி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் விற்றாள். அவளுக்கென்று ஒரு வீடு அமைய இருந்தது... அமையாமல் போனது. அதற்குக் காரணம் நான்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி எளிதாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்த நாலு வரிக்கே இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் பெயர் பிலோமினா. கோவை கணபதியில் என் வீட்டுக்காரர் சின்னதாக லேத்துப் பட்டறை நடத்துகிறார். பம்புக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுப்பது தொழில். பட்டறைக்கு மேலேயே வீடு. குறைந்த பொருளோடு வாழ்வது எப்படி, அப்படி வாழ்ந்தால் பெண்களின் கையில் காசு எப்படித் தங்கும் என்று பேசிப் படம் பிடித்துப் போடுவது என் வேலை. வேலை என்று சொல்லலாமா? அதில் கொஞ்சம் வருமானம் வருகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை முழுப் பொய்க்காரி என்று நீங்கள் முடிவு கட்டும் முன் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தொடக்கம் பொய்யில்லை.

நான் வாங்கிக் குவிக்கிறவளாக இருந்தேன். தவணைக்குச் சேலை கொண்டுவரும் அம்மா வாசலில் மூட்டையை அவிழ்த்தால் எனக்குக் கை நிற்காது. ஆடித் தள்ளுபடி என்றால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. ஒருமுறை பட்டறையில் வேலையே இல்லாமல் இரண்டு மாதம் இழுத்தது. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “பிலோ, இந்த மாசம் ரேசன் அரிசியே பொங்கிக்கலாமா?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அன்று பீரோவைத் திறந்தேன். சேலைகள் காலில் வந்து விழுந்தன. சிலவற்றில் விலைச்சீட்டுகூடக் கிழிபடவில்லை.

அன்றோடு நிறுத்தினேன். எதையாவது வாங்கத் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை தள்ளிப்போடுவேன். ஞாயிறு வரும்போது பாதிப் பொருள் மறந்தே போயிருக்கும். நாலு பேருக்கு நாலு தட்டு, இரண்டு குக்கர், மாற்றிக் கட்டக் கொஞ்சம் சேலை. கல்யாணமான பிறகு முதல்முறையாக மாதக் கடைசியில் என் கையில் காசு மிஞ்சியது. அந்த மகிழ்ச்சி உண்மை. அதைப் பேசும்போது நான் நடிக்கவில்லை.

அதோடு நின்றிருக்கலாம்...

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கின் மாதர் கூட்டத்தில் எளிய வாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கைதட்டினார்கள். என்னை விடப் படித்தவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, எப்படீங்க இப்படி இருக்கறீங்க?” என்று கேட்டார்கள். நாற்பத்தைந்து வயதுவரை என்னை யாரும் எதற்காகவும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப் போனது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்துப் போனது.

பிறகுதான் படம் பிடிக்க ஆரம்பித்தேன். வாங்காமல் இருப்பதைப் படம் பிடிக்க முடியுமா? முடியாது. காலியான இடத்தைத்தான் காட்ட முடியும். என் வீட்டிலோ அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டாக்கள், குடங்கள், குத்துவிளக்கு, பட்டுச்சேலைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு அண்டாவுக்குள் துணியில் முடிந்து நான் சேர்த்துவைத்த தங்கக் காசுகள் வேறு.

வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த நாளில் ஒரு லோடு ஆட்டோ பிடித்து எல்லாவற்றையும் மலையடிவாரத் தொண்டாமுத்தூரில் இருக்கும் என் தங்கை ஜெசிந்தாவின் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பினேன். அவள் தேங்காய் போட்டுவைக்கும் அறையில் இறக்கிக்கொண்டு சொன்னாள்: “ஏக்கா, யானை வந்து செவத்த இடிச்சுதுன்னா உன்ற அண்டாவுக்கு நான் பொறுப்பில்ல, பாத்துக்க.” இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து கேட்டபோது, அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் நம்பிவிட்டார். பிறகு பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஏன் விற்கவில்லை? பொருள்மேல் ஆசையா? அதுமட்டும் என்றால் இந்தக் கதை இவ்வளவு அசிங்கமாக இருக்காது.

முன்பொருமுறை பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது என்று என் சங்கிலியை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தார். மீட்க வருஷக்கணக்கில் ஆயிற்று. அவர் கெட்டவரில்லை. ஆனால் காசாகவோ நகையாகவோ எது கண்ணில் பட்டாலும் அவருக்கு அது மெஷினாகத்தான் தெரியும். கட்டிலுக்கடியில் கிடக்கும் பித்தளைமேல் அவர் கை வைத்ததில்லை. பெண்டாட்டியின் பிறந்த வீட்டுச் சீரை எடுத்துப்போய் விற்பது எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பெரிய கேவலம். ஊரே துப்பும். அதனால் அந்த அண்டாக்கள் எனக்குப் பாத்திரங்களில்லை. அவர் தொடாத ஒரே காசு அது.

ஒரு பெண் தன் காசைப் பாத்திரமாகவும் சேலையாகவும் சீட்டாகவும் நாலு இடத்தில் ஏன் சிதறவிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். இதை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் ரோஸ்லினுக்கு அந்த வழியைச் சொன்னேன்.

ரோஸ்லின் எங்கள் பங்கைச் சேர்ந்தவள். மூன்று தெரு தள்ளி ஒற்றை அறை லைன் வீட்டில் குடியிருந்தாள். வீட்டிலேயே உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றுவாள். செம்புக் கம்பி இழுத்து இழுத்து விரல்களில் கோடு விழுந்திருக்கும். அவள் கணவன் ஆரோக்கியம் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்த்தான். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். கைபேசியில் ரம்மி ஆடுவான். சம்பளம் வந்த வேகத்தில் அதில் போய்விடும்.

அவளுக்கு ஒரே எண்ணம்தான். போக்கியத்துக்கு ஒரு வீடு பிடித்து மகளோடு தனியாகப் போய்விட வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகையும் திரும்ப வந்துவிடும். கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். அங்கே இருந்தவர்கள் பள்ளி விடுமுறையில் காலி செய்வதாக இருந்தார்கள். பாதித் தொகை அவளிடம் இருந்தது. காசாக இல்லை. பித்தளையாக, பட்டாக, இரண்டு வளையலாக, இரண்டு ஏலச்சீட்டாக. மீதியைப் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் அவள் அண்ணன் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவுமில்லை.

“அக்கா, எங்கூட்டுல கால் வெக்க எடமில்லீங்க. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க” என்று கூப்பிட்டாள். போனேன். கைபேசித் தாங்கியோடு போனேன். அந்தச் சின்ன அறையில் கட்டிலுக்கடியில் பித்தளை, மேலே பரணில் பித்தளை, நடுவில் கம்பிச் சுருள்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது நல்ல படமாக வரும் என்று தோன்றியது. நெருக்கடியான அறை, பிறகு அதே அறை காலியாக. பார்க்கிறவர்கள் விடமாட்டார்கள்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். பொருளாகக் கிடந்தால் பாரம், பணமாக இருந்தால் விடுதலை. நாலு இடத்தில் சிதறிய காசு எங்கே என்று உனக்கே தெரியாது. எல்லாவற்றையும் விற்று ஒரே கணக்கில் போடு. ஒரே இடம், ஒரே பார்வை... எவ்வளவு அழகாகப் பேசினேன்!

அவள் ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஊடு காலியாகட்டும்க்கா, அன்னைக்குப் போட்டுக்கறனே. இப்பவேங்களா?”

“தள்ளிப்போட்டா நடக்காது கண்ணு” என்றேன்.

“அந்த பேங்க் கணக்குக்கு எங்கூட்டுக்காரரு நம்பர்தானுங்க குடுத்திருக்குது. அப்ப எங்கிட்ட போன் இல்லீங்க. மெசேஜு, ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும்.”

இந்த இடத்தில் நான் கைபேசியை நிறுத்தியிருக்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் எண்ணை மாற்றியிருக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது வேலை. அல்லது, விற்காதே, அப்படியே வை என்று காதில் சொல்லியிருக்க வேண்டும். நான் அப்படித்தானே வைத்திருந்தேன்?

படம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அம்மணி. நம்பர அப்பறம் மாத்திக்கலாம். மனசுல இருக்கற பயத்தையும் சேத்து இன்னைக்கே வெளிய போடு” என்றேன். அவள் சிரித்தாள். அந்த வாரமே பாத்திரக்கடையில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாள். பட்டையும் வளையலையும் விற்றாள். முதிர இன்னும் மாதங்கள் இருந்த சீட்டுகளைத் தள்ளி எடுத்தாள். அதில் வந்த நட்டத்தை நான் படத்தில் சொல்லவில்லை.

அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் படத்திலிருந்து வெட்டிவிட்டேன். காலி அறையில் அவள் சிரிப்பதை மட்டும் வைத்தேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

பணம் கணக்கில் இருந்தது சில நாட்கள்தான். ஆரோக்கியம் முதலில் கொஞ்சம் எடுத்திருக்கிறான். விட்டதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம். பிறகு எல்லாமும். அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு முன்பணம் கொடுக்கலாம் என்று வங்கிக்குப் போன அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. தன் காசையே காப்பாற்றத் தெரியாதவள் என்று அண்ணனும் கையை விரித்துவிட்டார்.

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காலி அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த ஊட்ட வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டாங்கக்கா” என்றாள். பிறகு அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்ககிட்டயுந்தான் ஒண்ணுமில்ல. நீங்க நல்லாத்தான இருக்கறீங்க? நானும் இருந்துக்கறனுங்க.”

நீங்களாக இருந்தால் அப்போது என்ன செய்திருப்பீர்கள்? நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

தொண்டாமுத்தூரில் என் பொருள்கள் பத்திரமாக இருந்தன. அந்தத் தங்கக் காசுகளையும் பித்தளையையும் விற்றுக் கொடுத்திருந்தால் அவள் இழந்ததில் பெரும்பங்கு திரும்பியிருக்கும். கொடுத்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். வீட்டுக்காரர் கேட்பார். மாதர் கூட்டம் கேட்கும். நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அவளை அந்த லைன் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த தவக்காலத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. “கர்வமாக இருந்தேன் சாமி” என்றேன். சாமி சிறிய செபம் ஒன்றை அபராதமாகக் கொடுத்தார். எளிதாக முடிந்துவிட்டது. வெளியே வந்து படியில் நின்றபோது, கடவுளிடமும் வெட்டி ஒட்டியா பேசிவிட்டு வந்தேன் என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. திரும்பிப் போகவில்லை.

பிறகு என் மகளின் கல்யாணம் வந்தது. சீர் வைக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. ஊருக்கு எளிமை சொல்லலாம், சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல முடியுமா? தங்கை செய்கிற சீர் என்று வீட்டில் சொல்லிப் பித்தளையை இறக்கினேன். வருஷக்கணக்கில் கிடந்து எல்லாம் கறுத்துக் களிம்பேறிப் போயிருந்தன. ரோஸ்லின் கூப்பிடாமலே வந்தாள். “நீங்க கல்யாண வேலையப் பாருங்கக்கா, நான் வெளக்கித் தாரேன்” என்று புளியைக் கரைத்துக்கொண்டு பின்புறக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தடுக்கவில்லை. எனக்கு நினைவே இல்லை. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். களிம்புக்கு அடியில் என் பெயர் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுபோனது கேட்டு எட்டிப் பார்த்தேன். பெரிய அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளை பளிச்சென்று இருந்தது. அ. பிலோமினா.

“இது உங்க அண்டாங்களாக்கா?”

“ஆமா கண்ணு.”

“எல்லாமேங்களா?”

நான் தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மிச்சமிருந்த எல்லாவற்றையும் விளக்கி முடித்தாள். ஒன்றைக்கூட அரைகுறையாக விடவில்லை. அவள் எழுந்து போயிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலை அவள் எனக்குத் தரவில்லை. வேண்டுமென்றே செய்தாளா, அவள் சுபாவமே அதுவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கையைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாங்கக்கா. அந்த வீடியோவ மட்டும் எடுத்துப்போடுங்க. நான் சிரிக்கறதப் பாத்து இன்னொருத்தி வித்துப்போடுவா.”

“எடுத்துடறேன்” என்றேன்.

சீரை அடுக்கும்போது பெயர் வெட்டிய பக்கங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கல்யாணத்துக்கு ரோஸ்லின் வந்தாள். கடைசிவரை இருந்து பந்தியில் தண்ணீர் ஊற்றினாள். சாப்பிடாமல் போனாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். இப்போதும் அதே லைன் வீட்டில்தான் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால், “நல்லாருக்கறீங்களாக்கா?” என்று கேட்பாள். அதே மரியாதை, அதே குரல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீடியோவை நான் எடுக்கவில்லை.

எடுக்கப் போனேன். அழிக்கவா என்று கைபேசி கேட்டது. எனக்கு வருகிற வருமானத்தில் பாதி அதிலிருந்து வருகிறது. எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று நூறு பேர் கேட்பார்கள். நாளைக்கு எடுக்கலாம் என்று மூடிவைத்தேன். ஞாயிறுவரை தள்ளிப்போடு என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அல்லவா நான்... எத்தனையோ ஞாயிறு போய்விட்டது.

தேவையில்லாததை வாங்காதீர்கள் என்று நான் சொன்னதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். அது என் குடும்பத்தைக் கரை சேர்த்தது. ஆனால் வாங்காமல் இருப்பது வேறு, உங்களுக்கென்று இருப்பதைக் கைவிடுவது வேறு. கட்டிலுக்கடியில் கிடப்பது குப்பையா, உங்களுக்கான கதவா என்று உங்களுக்குத்தான் தெரியும். என்னைப் போல ஒருத்தி வந்து சொல்லக் கூடாது. இந்த நாலு வரியை நான் வீடியோவில் சொன்னதில்லை. முகத்தைக் காட்டாமல் இங்கே எழுதத்தான் தைரியம் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைபேசி ஒலித்தது. அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: “அக்கா, இன்னைக்குத்தான் எங்கம்மா குடுத்த பாத்திரமெல்லாம் எடைக்குப் போட்டேன். பணத்த பேங்க்ல போட்டாச்சு. மனசு லேசா இருக்குதுங்க.”

அந்தக் கணக்கில் யாருடைய எண் இருக்கிறது என்று அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

வாழ்த்துகள் கண்ணு என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூப்படத்தையும் போட்டு அனுப்பிவிட்டேன்.